செருப்பை வீசியெறிந்த பூக்காரி: பெர்னார்ட் ஷாவும் வர்க்க இழிவும்

மனைவியிடம்கூடச் சொல்லாமல் எண்பது ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த ஒரு செய்தியை, ஜார்ஜ் பெர்னார்ட் ஷா 1949இல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, அச்சில் வெளியிட்டார். அது கொலையோ களவோ அன்று. 1869இல் டப்ளின் நகரில், ஏழைக் கத்தோலிக்கச் சிறுவர்கள் பயின்ற மத்திய மாதிரிப் பள்ளியில் அவர் சில மாதங்கள் படித்தார், அவ்வளவுதான். ஷாவின் குடும்பம் அயர்லாந்தில் ஆதிக்கம் செலுத்திய சிறுபான்மைப் புராட்டஸ்டண்டு சமூகத்தைச் சேர்ந்தது. தந்தை தானிய வணிகத்தில் நொடித்துப்போன குடிநோயாளி. கையில் பணம் இல்லை. குடிப்பெருமைக்கு மட்டும் குறைவில்லை. அந்தப் பள்ளியில் சேர்ந்ததும் பழைய தோழர்கள் அவரை ஒதுக்கினர்.

இதை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். இது ஒடுக்கப்பட்டவரின் காயம் அன்று. ஒடுக்கப்பட்டோருடன் ஒரே வகுப்பில் அமர நேர்ந்ததற்காக, மேலே இருந்த ஒருவர் அடைந்த வெட்கம். அங்கே அமர்ந்திருந்த மற்றச் சிறுவர்களின் கதை வேறு. ஆயினும், தம்முள் ஊறிக் கிடந்த அந்த அற்ப மேட்டிமையை அவர் மழுப்பாமல் எழுதினார். வர்க்கம் என்பது வருமானம் மட்டுமன்று, யாருடன் பழகினால் யார் முகம் சுளிப்பார் என்பதும்தான் என்ற அறிவு அவருடைய நாடகங்களில் தொடர்ந்து வருவதற்கு இங்கேதான் வேர் இருக்கிறது எனக் கருதுகிறோம்.

பதினைந்து வயதில் நிலக்கிழார்களின் சொத்துகளை நிர்வகிக்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். ஏழைக் குடித்தனக்காரர்களிடம் வாரந்தோறும் சில ஷில்லிங் வாடகை தண்டுவதும் அவருடைய வேலைகளுள் ஒன்று. 1876இல் லண்டனுக்குப் போனார். எழுதிய ஐந்து நாவல்களையும் பதிப்பாளர்கள் திருப்பியனுப்பினர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படிப்பறையே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மார்க்சின் 'மூலதனம்' நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அங்கேதான் படித்தார். 1884இல் ஃபேபியன் சங்கத்தில் இணைந்தார். சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப், கிரகாம் வாலஸ் ஆகியோருடன் சேர்ந்து 1895இல் அவர் நிறுவிய லண்டன் பொருளாதாரப் பள்ளியில்தான் பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் பயின்றார்.

வாடகை தண்டிய அனுபவம் 1892இல் 'விடோயர்ஸ் ஹவுசஸ்' நாடகமாக மேடையேறியது. இளம் மருத்துவன் ஒருவன், தன் காதலியின் தந்தை சேரிக் குடியிருப்புகளின் வாடகையில் கொழுத்தவர் என்றறிந்து அப்பணத்தை மறுக்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவனுடைய சொந்த வருமானமே அக்குடியிருப்புகளின் அடமான வட்டியிலிருந்து வருவது. நல்லெண்ணம் கொண்டோரின் கைகளிலும் அதே அழுக்கு. பாலியல் தொழிலின் பொருளாதாரத்தைப் பேசிய 'மிசஸ் வாரன்ஸ் ப்ரொஃபெஷன்' தணிக்கையால் தடுக்கப்பட்டு, 1925 வரை இங்கிலாந்தில் பொதுமேடை காணவில்லை.

நாடகத்துக்கு வெளியேயும் அவர் உழைத்தார். 1897 முதல் 1903 வரை செயிண்ட் பாங்க்ரஸ் உள்ளாட்சி மன்ற உறுப்பினராக இருந்தபோது, பெண்களுக்குப் பொதுக்கழிப்பறை வேண்டும் என்று வாதாடி, மதிப்புக்குரிய கனவான்களின் எதிர்ப்பைச் சம்பாதித்தார்.

1912இல் எழுதிய 'பிக்மேலியன்' எல்லோரும் அறிந்தது. கோவன்ட் கார்டனில் பூ விற்கும் எலிசாவின் பேச்சைத் திருத்தி அவளைச் சீமாட்டியாகக் காட்டுவதாக ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுகிறார். வெல்கிறார். வென்ற இரவில் ஆண்கள் இருவரும் தங்களையே மெச்சிக்கொள்ள, எலிசா அங்கிருப்பது எவர் கண்ணிலும் படவில்லை. அவள் செருப்பை எடுத்து ஹிக்கின்ஸ் மீது வீசுகிறாள். இனிப் பூக்கூடைக்கும் திரும்ப முடியாது, புதிய வாழ்வுக்கும் வழியில்லை. சீமாட்டிக்கும் பூக்காரிக்கும் உள்ள வேறுபாடு நடந்துகொள்ளும் முறையில் இல்லை, பிறர் தன்னை நடத்தும் முறையில் இருக்கிறது என்று அவளே கண்டறிகிறாள். பேராசிரியரின் ஒலியியலைவிட இது ஆழமான பாடம்.

நமக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. எலிசாவின் வெற்றி, அவள் எங்கிருந்து வந்தாள் என்பது எவருக்கும் தெரியாத வரைதான் வெற்றி. பிறப்பை மறைத்துப் பெறும் மதிப்பின் விலையை ஷா தொட்டுவிட்டுக் கடந்துபோகிறார். குப்பை அள்ளும் அவளுடைய தந்தை டூலிட்டில், தகுதியுள்ள ஏழைக்கே உதவி என்னும் கருணையின் கபடத்தைக் கிழிக்கிறான். ஆனால் அவனுடைய வேலையின் நாற்றமும் கூலியும் மேடைக்கு வரவில்லை. சிரிப்பு மட்டும் வருகிறது. முதிய வயதில் ஷா இனமேம்பாட்டுவாதத்தை ஆதரித்ததையும், முசோலினியையும் ஸ்டாலினையும் புகழ்ந்ததையும், சோவியத் பஞ்சத்தை மறுத்ததையும் நாம் மூடிமறைக்கத் தேவையில்லை. எளியோரை உயர்த்த வல்லுநர் போதும் என்னும் ஹிக்கின்ஸின் திமிர் அவருக்குள்ளும் இருந்தது.

எனினும் ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. எலிசா ஹிக்கின்ஸை மணக்கக் கூடாது. 1914இல் லண்டன் மேடையில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, முடிவில் அவளை நோக்கிப் பூக்களை வீசிக் காதலைப் புகுத்தினார், ஷா கொதித்தார். அவள் வேறொருவனை மணந்து பூக்கடை நடத்துவதாக அச்சுப் பதிப்பில் பின்னுரையே எழுதிச் சேர்த்தார். 1938இல் வந்த திரைப்படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதிலும் தயாரிப்பாளர் முடிவை மாற்றி எலிசாவைத் திரும்பி வரச் செய்திருந்தார். ஷா 1950இல் இறந்தார். ஆறாண்டு கழித்து இதே கதை 'மை ஃபேர் லேடி' என்ற இசைநாடகமாக அமெரிக்க மேடையில் வெற்றிபெற்றது. அதன் கடைசிக் காட்சியில் எலிசா வீட்டுக்குத் திரும்புகிறாள். ஹிக்கின்ஸ் தொப்பியை முகத்தில் சாய்த்துக்கொண்டு, தம் செருப்பு எங்கே என்று கேட்கிறார்.