ஜாலவித்தையும் ஏகாதிபத்தியமும்

பிரான்ஸ் தேசத்து ப்ளுவா நகரில், கடிகாரத் தொழிலாளி ஒருவரின் புத்திரராக 1805-ம் வருஷம் பிறந்தவர் ரொபேர் ஊதான். தாமும் அத்தொழிலைப் பயில விரும்பிக் கடிகார சாஸ்திர நூலொன்றை வாங்கச் சென்றார். கடைக்காரர் தவறுதலாகக் கொடுத்தது ஜாலவித்தைப் புஸ்தகமென்று தமது சுயசரிதையில் கூறுகிறார். அன்று பிடித்த மோகம் அவரை விடவில்லை. வழி நடக்கையிலும் சட்டைப் பைக்குள் கையை வைத்துச் சீட்டுகளையும் நாணயங்களையும் கையாளப் பழகினார். வெகுகாலம் பொழுதுபோக்காயிருந்த வித்தையை 1845-ல் பாரிஸ் நகரில் சொந்த அரங்கில் நடத்திப் பெரும் பிரஸித்தி அடைந்தார்.

1856-ல் பிரெஞ்சு ராஜாங்கத்தார் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பினர். அந்நாட்டு ஜனங்கள் தங்கள் சமயப் பெரியோரிடம் வைத்திருந்த நம்பிக்கையைக் குலைத்து, பிரெஞ்சுக்காரரே மேம்பட்டவரென்று காட்டுவதே அவர்களது நோக்கம். ஊதான் மேடையில் ஒரு சிறு பெட்டியை வைத்தார். எளிதில் தூக்கிய பலசாலி ஒருவன், மறுமுறை அதை அசைக்கவும் இயலாமல் தலைகுனிந்தான். மேடைக்கடியில் ஒளிந்திருந்த மின்சாரக் காந்தம் பெட்டியிலிருந்த இரும்பைப் பற்றிக்கொண்டது. இவை வெறும் கைத்திறமையே என்று பின்னர் ஜனங்களுக்கு விளக்கவும் செய்தார்கள்.

ஆனால், அந்தப் பிரமிப்பு நிலைத்ததா? 1871 மார்ச்சில் மொக்ரானியின் தலைமையில் பெருங்கலகம் மூண்டது. சமயப் பெரியோரும் அதில் சேர்ந்தனர். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ஊதான் காலமானார். கலகம் அடக்கப்பட்டது, எனினும் 1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது.

ஊதானின் மேதையை நாம் குறை கூறவில்லை. அன்று தலைகுனிந்தவன் பலவீனன் அல்லன் என்பதே நாம் அறிய வேண்டுவது. அடிமைப்பட்ட ஜனங்கள் தங்கள் பலத்தைச் சந்தேகிக்குமுன், மேடைக்கடியில் இருப்பது யாதென்று பார்க்கக் கடவர்.