வானத்தை விரலால் அளந்த மாலுமி: ஜுல்பார் தந்த இப்னு மாஜித்

ஐக்கிய அரபு இராச்சியம் அனுப்பிய அல் அமல் என்னும் விண்கலம் 2020 யூலை மாதத்தில் யப்பானின் தனேகஷிமா தீவிலிருந்து புறப்பட்டு, 2021 பெப்ரவரி 9 ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்தின் சுற்றுப்பாதையை அடைந்தது. அமல் என்றால் நம்பிக்கை என்று பொருள். செவ்வாயின் இரவுப் பக்கத்தில் ஆங்காங்கே தோன்றி மறையும் துருவ ஒளியை அது படம் பிடித்தது. 2023 மார்ச் மாதத்தில் செவ்வாயின் சிறிய சந்திரனாகிய டெய்மொஸுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் அண்மையிற் சென்றது. அச்சந்திரன் எங்கிருந்தோ வந்து சிக்கிய சிறுகோள் என்று பலர் கருதிவர, அதன் மேற்பரப்பு செவ்வாயின் பாறையையே பெரிதும் ஒத்திருப்பதை அக்கலம் அனுப்பிய பதிவுகள் காட்டின.

கோடிக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலே இக்கலம் தன் திசையை எவ்வாறு அறிந்தது? அதிற் பொருத்தப்பட்ட சிறு கமராக்கள் விண்மீன்களைப் பார்த்து, தம் நினைவிலுள்ள விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டுக் கலம் எப்பக்கம் நோக்கி நிற்கின்றது எனக் கணித்தன. இதே கரையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பலகைத் துண்டையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு விண்மீன்களிடம் வழி கேட்ட ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் அகமது இப்னு மாஜித்.

இன்றைய றாஸ் அல் கைமாவை அடுத்திருந்த ஜுல்பார் என்னும் துறைமுகமே அவர் ஊர். முத்துக்குப் பெயர்போன ஊர் அது. 1430களிற் பிறந்தவர் என்பது அறிஞர் கணிப்பு. பாட்டனாரும் தந்தையாரும் செங்கடலில் மரக்கலம் செலுத்தியவர்கள். பவளப்பாறைகள் நிறைந்த அக்கடலின் வழிகளைத் தந்தையார் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகளிற் பாடி வைத்திருந்தார். மகன் அப்பாட்டை மனனஞ் செய்ததோடு அமையவில்லை. அதைக் கையிற் கொண்டு அதே வழியில் ஓடிப் பார்த்து, பிழை கண்ட இடங்களைத் திருத்தினார். தந்தை சொல்லையும் கடலிலே சோதித்துப் பார்த்த இந்தத் துணிவே அவருடைய பிற்கால நூல்கள் அனைத்திலும் தெரிகின்றது. முன்னோராகிய மூன்று புகழ்பெற்ற மாலுமிகளை அவர் மதித்தார். ஆயினும் அவர்கள் பிறர் கூறியதைத் தொகுத்தவர்களேயன்றித் தாமே அளந்தவர்கள் அல்லர் எனக் குறை கூறவும் தயங்கவில்லை. தற்பெருமை சற்று மிகுந்தவர்தான். அப்பெருமைக்கு அவரிடம் காரணமும் இருந்தது.

1462 இல், முப்பது வயது மதிக்கத்தக்க காலத்தில், கடல்நூலின் சுருக்கத்தைச் செய்யுளாக இயற்றினார். 1490 அளவில் அவருடைய பெருநூலாகிய பவாயித் உரைநடையில் நிறைவெய்தியது. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட அந்நூலில் சந்திரன் தங்கும் இருபத்தெட்டு மனைகள், திசைகாட்டும் விண்மீன்கள், பருவக்காற்றுக்குரிய நாட்கள், கரைகளின் அடையாளங்கள் யாவும் இடம்பெறுகின்றன. பெருந்தீவுகளை வருணிக்கும் பகுதியில் மடகஸ்கார், சுமாத்திரா, பஹ்ரைன் ஆகியவற்றோடு இலங்கையும் உண்டு.

அவர்கள் அளந்த முறையை அறிந்தால் வியப்பு மேலிடும். கைக்கடக்கமான ஒரு பலகை. அதன் நடுவிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் முடிச்சைப் பல்லிற் கடித்துக்கொண்டு பலகையை முன்னே நீட்டினால், அதன் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடவேண்டும். எந்த முடிச்சில் அவ்வாறு தொடுகின்றதோ, அதுவே நட்சத்திரத்தின் உயரம். அளவின் பெயர் இஸ்பா, அதாவது விரல். வட்டம் முழுவதற்கும் 224 விரல்கள். எனவே ஒரு விரல் இன்றைய கணக்கில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். வடக்கு நோக்கி எட்டு ஸாம் ஓடினால் நட்சத்திரம் ஒரு விரல் உயரும். ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம். நம்மவர் நாளை எட்டாகப் பகுத்த சாமமும் அதே மூன்று மணி நேரந்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. துருவ நட்சத்திரம் துருவத்திலேயே நிற்பதன்று. பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால், துருவத்துக்கும் அந்த நட்சத்திரத்துக்குமுள்ள இடைவெளி மாறிக்கொண்டே வருகின்றது. இன்று அது முக்காற் பாகைக்கும் குறைவு. இப்னு மாஜித்தின் காலத்திலோ ஏறக்குறைய மூன்றரைப் பாகை. அதைக் கவனியாது அளப்பவன், இருக்குமிடத்தை 200 கடல் மைல் வரை தவறாகக் கணித்துவிடுவான். இருள் சூழ்ந்த கடலில் அது உயிருக்கே உலை வைக்கும் பிழை. இப்னு மாஜித் போன்றோர், சந்திரன் தங்கும் மனைகளுள் எது அவ்வேளையில் உச்சிவானில் நிற்கின்றது என்று பார்த்து, நட்சத்திரம் துருவத்துக்கு மேலுள்ளதா, கீழுள்ளதா என அறிந்து அளவைத் திருத்தினர். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே துருவ நட்சத்திரம் கடலுள் மறைந்துவிடும். அங்கே சப்தரிஷி மண்டலம் முதலியவற்றைக் கொண்டு அளந்தனர்.

அவர்களுடைய திசைவட்டத்தின் முப்பத்திரண்டு புள்ளிகளுக்கும் விண்மீன்களே பெயர் தந்தன. அவற்றுட் பல நமக்கு உறவானவை. துரையா என்பது நம் கார்த்திகை. தாயிர் என்பது திருவோணம். தென்துருவத்துக்கே சுஹைலின் துருவம் என்று பெயர். அந்தச் சுஹைல்தான் நாம் அகத்தியர் என்று வணங்கும் விண்மீன். ஓகஸ்ட் மாத இறுதியில் விடியற்காலையிலே தென்வானில் சுஹைல் தோன்றினால் கோடை தணியத் தொடங்கும் என்று வளைகுடா மக்கள் இன்றும் பார்த்திருப்பர்.

சோழப் பேரரசு மறைந்து நெடுங்காலமாகியும், சோழமண்டலக் கரையின் கடலோடிகளை அரபு மாலுமி நூல்கள் சோழர் என்றே குறிப்பிட்டன. அவர்களுடைய அளவுகளைத் தம் அளவுகளோடு ஒப்பிட்டும் பேசின. அக்கரை மாலுமிகள் பலகையையும் முடிச்சுக் கயிற்றையும் பயன்படுத்தியதை 1850 இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் விவரித்துள்ளார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்த கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இது புதுமையன்று.

இத்தகைய பெரியவரின் பெயரில் ஒரு பழி ஏறியது. 1498 இல் கிழக்காபிரிக்காவின் மலிந்தி துறையிலிருந்து வாஸ்கொடகாமாவைக் கள்ளிக்கோட்டைக்கு வழிநடத்தியவர் இவரே என்பது அப்பழி. சம்பவம் நடந்து எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னர் மக்காவிலிருந்த நஹ்றவாலி என்னும் வரலாற்றாசிரியர், மதுவின் மயக்கத்தில் இப்னு மாஜித் பறங்கியருக்கு வழியைச் சொல்லிவிட்டார் என எழுதிவைத்தார். அவ்வழியே வந்த போர்த்துக்கேயர் 1507 இல் ஹோர்முஸைத் தாக்கினர். ஜுல்பாரும் அவர்கள் பிடிக்குள் வந்தது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கியதும் அதே கை. பழியின் பாரம் எத்தகையது என்பதை இதனால் உணரலாம்.

ஆனால் போர்த்துக்கேயரின் பழைய ஏடுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. மலிந்தி மன்னன் கொடுத்த வழிகாட்டி ஒரு குஜராத்தியன் என அவர்களுடைய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். மாலெமோ கனகா என்றொரு பெயரும் காணப்படுகின்றது. இது ஆட்பெயரன்று, தொழிற்பெயர். மாலெமோ என்பது முஅல்லிம் என்னும் அரபுச் சொல். நம் மாலுமியும் அதிலிருந்து வந்ததே. கனகா என்பது கணிப்பவன். மேலும், ஏப்ரல் கடைசியில் மலிந்தியிலிருந்து பருவக்காற்றோடு இந்தியாவுக்கு ஓடுவது அன்று பலருக்கும் தெரிந்த வழி. அத்துறையில் அப்போது இந்தியக் கப்பல்களே நின்றன. காட்டிக்கொடுப்பதற்கு அங்கே இரகசியம் ஏது? ஷார்ஜா ஆட்சியாளரும் வரலாற்று ஆய்வாளருமான சுல்தான் பின் முஹம்மது அல் காசிமி இப்பழியை மறுத்துத் தனி நூலே எழுதினார்.

ஏட்டுச் சுவடிகளின் கதை தனியானது. பாரிஸ் தேசிய நூலகத்திற் கிடந்த இப்னு மாஜித்தின் நூல்களை கப்றியேல் பெறாண்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1920களில் வெளியிட்டார். பழியை ஐரோப்பா எங்கும் பரப்பியவரும் அவரே. வேறு மூன்று செய்யுள் நூல்கள் லெனின்கிராட்டில் இருந்தன. அவற்றை ஆராயத் தொடங்கிய தியோடோர் ஷுமோவ்ஸ்கி 1938 இல் மாணவராக இருக்கையிலேயே கைதுசெய்யப்பட்டு, வாழ்வின் இளமைப் பகுதியைச் சிறைமுகாம்களிற் கழித்தார். மீண்டு வந்து 1957 இல் அந்நூல்களை அச்சேற்றினார். ஒன்று மலாக்காவுக்கும், ஒன்று செங்கடலில் ஜித்தாவிலிருந்து ஏடனுக்கும், மற்றொன்று ஆபிரிக்காவின் சொபாலாவுக்கும் வழி கூறுபவை. சொபாலா வழி நூலிற் பறங்கியர் வரவு பேசப்படுகின்றது. அவ்வடிகள் பிறர் பின்னர் சேர்த்தவை எனக் கருதும் ஆய்வாளரும் உளர். எவர் எழுதியதாயினும், பறங்கியருக்குத் தாமே வழிகாட்டியதாக இப்னு மாஜித் கூறும் ஓர் அடியேனும் அவற்றில் இல்லை.