பல் வைத்தியக் கல்விக்கு வித்திட்ட வங்காளி

கண்ணிலே நோவு கண்டால் வைத்தியனிடம் ஓடுகிற நம் மக்கள், பல் நோவை மட்டும் நெடுங்காலம் ஒரு நோயாகவே மதித்தவர்கள் அல்லர். ஈறு வீங்கினால் கிராம்பை வைத்துக் கடிப்பது, அதற்கும் அடங்காவிட்டால் நாவிதனிடமோ, சந்தையில் துணியை விரித்துக் குறடும் பிடுங்கிய பற்களுமாக உட்கார்ந்திருக்கும் ஆசாமியிடமோ வாயைக் காட்டுவது, இவ்வளவுதான் வழக்கமாயிருந்தது. பல்லுக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு, அதை வருஷக்கணக்கில் கல்லூரியில் அமர்ந்து பயில வேண்டும் என்று சொன்னால் நகைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் அந்தச் சாஸ்திரத்துக்கென்று இத்தேசத்தில் முதன்முதலாக ஒரு கல்லூரியை எழுப்பியவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது.

இவர் 1890-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அலிகாரில் ஸர் ஸையத் அகமது கான் நிறுவிய கலாசாலையில் கல்வி பயின்று, 1909-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் சமுத்திரம் தாண்டிப் படிக்கச் சென்ற வாலிபர்களில் பெரும்பாலோர் லண்டனுக்குச் சென்று பாரிஸ்டராகத் திரும்புவார்கள், அல்லது ஐ.ஸி.எஸ். பரீட்சைக்கு உட்காருவார்கள். இவரோ அமெரிக்காவின் நடுவே, சோளக் கொல்லைகள் சூழ்ந்த அயோவா ராஜ்யத்தின் சர்வகலாசாலையில் பல் வைத்தியம் பயிலச் சேர்ந்தார். அந்தத் தேர்வில் விவேகம் இருந்தது என்பதே நம் கருத்து. 1840-லேயே பால்டிமோர் நகரத்தில் பல் வைத்தியத்துக்கென்று தனிக் கல்லூரி கண்ட தேசம் அமெரிக்கா.

அந்நாளையப் பல் வைத்தியப் படிப்பு ஏட்டுப் படிப்பு மட்டுமன்று. உடற்கூறும் மருந்தியலும் கற்ற மாணாக்கன், அதே கையால் மெழுகை உருக்கி அச்செடுக்கவும், கந்தகம் கலந்து பதப்படுத்திய ரப்பரில் செயற்கைப் பல்வரிசை அமைக்கவும், சொத்தையைத் துளைத்துச் சுத்தம் செய்து உலோகத்தால் அடைக்கவும் பழக வேண்டும். பாதி வைத்தியன், பாதி பொற்கொல்லன் என்று சொல்லலாம். கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் கெட்ட பழக்கமுள்ள நம் படித்த வகுப்பாரிடையே இத்தகைய கல்விக்கு மதிப்புக் கிடைப்பது எளிதன்று.

1915-ல் பட்டம் பெற்ற அகமது, பாஸ்டன் நகரத்தில் அதற்கு முந்தைய வருஷம் திறக்கப்பட்ட பார்ஸித் குழந்தைகள் பல் ஆஸ்பத்திரியில் வேலையில் அமர்ந்தார். ஏழைக் குழந்தைகளின் பற்களைக் காப்பதற்கென்றே தோன்றிய தர்ம ஸ்தாபனம் அது. ஐரோப்பிய மகா யுத்தம் முடிந்தபின் 1919-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

கல்கத்தாவில் இவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மட்டும் பல் கட்டியிருந்தாலும் சுகமாகவே வாழ்ந்திருக்கலாம். ஆனால் மறு வருஷமே, 1920-ல், கல்கத்தா பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். அதற்குப் பணம் வந்த வழி விசித்திரமானது. நியூயார்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் ஒரு குளிர்பானக் கடையை நடத்தி, அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியைத் தாங்கினார். பல்லுக்குச் சத்துருவாகிய சர்க்கரைப் பானமே பல் வைத்தியத்துக்குப் பால் வார்த்தது என்பதை எண்ணும்போது நமக்குப் புன்னகை வருகிறது. எனினும், சர்க்கார் தயவுக்காகக் கை கட்டி நிற்காமல், கடை நடத்திக் கல்வி வளர்த்த அந்தத் துணிவைப் புன்னகையோடு விட்டுவிட நமக்கு மனமில்லை.

கட்டடமும் நாற்காலியும் கிடைத்துவிட்டால் கல்லூரி ஆகிவிடாது. அங்கே பயின்று வெளிவரும் இளைஞனுக்கு என்ன அந்தஸ்து என்பதே பெரிய கேள்வியாயிருந்தது. வருஷக்கணக்கில் பாடுபட்டுத் தேறியவனும், சந்தையில் குறடு பிடித்தவனும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகவே இருந்தார்கள். இருவரும் ஒரே தெருவில் ஒரே மாதிரிப் பலகையை மாட்டலாம். இந்நிலை நீடித்தால் எந்தத் தகப்பன் தன் மகனை இப்படிப்புக்கு அனுப்புவான்? அகமது இதை நன்கு உணர்ந்திருந்தார். 1925-ல் வங்காளப் பல் வைத்தியர் சங்கத்தை நிறுவினார்; தொழிலுக்கென்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார். 1928-ல் மாணவர்களுக்காகப் பாடப் புஸ்தகம் ஒன்றை எழுதி வெளியிட்டார். 1939-ல் வங்காளத்தில் பல் வைத்தியர் சட்டம் நிறைவேறியது. இந்தியா முழுவதற்குமான சட்டம் சுதந்திரம் வந்த பிறகு, 1948-ல்தான் பிறந்தது. அந்தச் சட்டமும் பட்டதாரிகளை ஒரு பகுதியிலும், பட்டமின்றி அனுபவத்தால் தொழில் செய்து வந்தவர்களை இன்னொரு பகுதியிலும் பதிவு செய்தது. முன்னவர்களுக்கு இது மனக்குறையாயிருந்திருக்கலாம். ஆனால் பிழைப்பை நம்பியிருந்த பின்னவர்களை ஒரே நாளில் தெருவில் நிறுத்துவதும் நியாயமாகாது.

இக்கல்லூரியின் ஆரம்ப கால மாணவியரில் ஒருவர், பின்னாளில் உலகறிந்த பாத்திமா ஜின்னா. பெண்கள் பட்டம் பெறுவதே அருமையாயிருந்த நாளில் பல் வைத்தியம் கற்று, 1923-ல் பம்பாயில் சொந்த வைத்தியசாலை திறந்தார் அவர். அவருடைய தமையனார் பாகிஸ்தானைக் கண்டார். ஆசிரியரோ இந்தியாவிலேயே தங்கினார். தேசப் பிரிவினையால் கிழக்கு வங்காளம் அன்னிய நாடாகிவிட, பிறந்த பூமியை இழந்த அகமது, தாம் வளர்த்த கல்லூரி இருக்கும் கல்கத்தாவையே தம் ஊராகக் கொண்டார்.

அதன் பின் அவர் செய்த காரியம் நம் தனவான்கள் கவனிக்கத்தக்கது. சுமார் 30 வருஷம் தம் உழைப்பிலும் பணத்திலும் வளர்ந்த கல்லூரியை 1949-ல் மேற்கு வங்க சர்க்காரிடம் தானமாக ஒப்படைத்தார். தமக்கென்று அதை வைத்துக்கொள்ளவில்லை. தாமே ஒரு வைத்தியரான டாக்டர் விதான் சந்திர ராயின் மந்திரிசபையில் சேர்ந்து, விவசாயம், கூட்டுறவு முதலிய இலாகாக்களை 1962 வரை கவனித்தார். 1964-ல் பத்மபூஷண் விருது அளிக்கப்பெற்றார்.

மற்ற நகரங்கள் மெதுவாகவே விழித்தன. பம்பாயில் நாயர் ஆஸ்பத்திரியைச் சார்ந்த பல் கல்லூரி 1933-லும், லாகூர்க் கல்லூரி 1934-லும் ஏற்பட்டன. வைத்தியக் கல்விக்குப் பெயர் பெற்ற சென்னையிலோ, மருத்துவக் கல்லூரியின் பல் வைத்தியப் பிரிவு 1953-ல்தான் உதயமாயிற்று. கல்கத்தாவுக்கும் நமக்கும் இடையே 33 வருஷம் சென்றது. அந்த 33 வருஷத்தில் தமிழ்நாட்டு இளைஞன் பல் வைத்தியம் கற்க விரும்பினால் தொலைதூரம் போக வேண்டியவனாயிருந்தான்.

1965 ஜனவரியில் பாத்திமா ஜின்னா பாகிஸ்தானின் ஜனாதிபதி பதவிக்கு அயூப் கானை எதிர்த்து நின்று தோல்வியுற்றார். அடுத்த மாதம் 9-ந் தேதி டாக்டர் அகமது காலமானார். அவர் பெயர் தாங்கிய கல்லூரி கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சாலையில் இன்றும் மாணவர்களைச் சேர்த்து வருகிறது.