எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர்

மலருக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று நமது சங்கச் செயலாளர் கேட்டதுமே என் மனதில் வந்து நின்ற பெயர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். பாய்ம இயக்கவியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு 'ரிச்சர்ட்சன் எண்' ஞாபகம் இருக்கும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிடுவோம். பல வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் தன் ஆராய்ச்சித் தாள்களைத் தன் கையாலேயே அழித்த கதையைச் சொல்ல வகுப்பில் நேரம் கிடைத்ததில்லை. இங்கே சொல்கிறேன்.

1881-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில், தோல் பதனிடும் தொழில் நடத்திய குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. கேம்பிரிட்ஜில் படித்து 1903-ல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த பத்து வருஷம் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம், விளக்கு தயாரிக்கும் கம்பெனி, கல்லூரி ஆசிரியர் வேலை என்று மாறிக்கொண்டே இருந்தார். நடுவில், எரிபொருளாகும் பீட் மண்ணை வெட்டி எடுக்கும் ஒரு கம்பெனியிலும் இருந்தார். சதுப்பில் தண்ணீர் வடிய வாய்க்காலை எப்படி வெட்டுவது என்பது அங்கே பிரச்சினை. சமன்பாடு கையில் இருந்தது, தீர்க்கத்தான் வழியில்லை. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கூட்டல் கழித்தல் பெருக்கலாலேயே விடையை நெருங்கும் முறையை வளர்த்தார். கல் அணை ஒன்றின் தகைவுகளையும் அப்படியே கணக்கிட்டார். நம் சிவில் நண்பர்கள் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஃபைனைட் டிஃபரன்ஸ் முறைக்கு அவர் ஒரு முன்னோடி.

1913-ல் ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர் வானாய்வு நிலையத்தின் கண்காணிப்பாளரானார். நல்ல பதவி. இதே முறையால் வானிலையையும் கணக்கிட முடியுமா என்ற யோசனை அங்கேதான் வலுத்தது. அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. 1916-ல் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனார். காயம்பட்ட பிரெஞ்சு வீரர்களை ஏற்றி வரும் டிரைவர் வேலை.

ஓய்வு நேரத்தில் வைக்கோல் போரில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1910 மே 20 காலை 7 மணிக்கு மத்திய ஐரோப்பாவில் எடுத்த அளவீடுகளை வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று பார்த்தார். அந்த ஆறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட ஆறு வாரம் ஆயிற்று! வந்த விடை 145 மில்லிபார் ஏற்றம். உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை. 1917-ல் ஷாம்பெய்ன் சண்டையின்போது கையெழுத்துப் பிரதியும் தொலைந்து, சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருக்கட்டும் என்றிருப்பார். இவர் தப்பான விடையையும் மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவே போட்டார். 64,000 பேர் ஒரு பெரிய வட்ட அரங்கில் உட்கார்ந்து, உலக வானிலையை அது மாறும் வேகத்துக்கே கணக்கிடுவதாக ஒரு கற்பனையும் அதில் உண்டு. பிற்காலத்தில் அதே அளவீடுகளைச் சீர்செய்து போட்டுப் பார்த்தபோது ஏற்கத்தக்க விடை வந்தது. முறையில் கோளாறில்லை, ஆரம்ப அளவீடுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்ததுதான் காரணம்.

போருக்குப் பின் 1919-ல் மறுபடி வானிலை அலுவலகத்தில் சேர்ந்தார். 1920-ல் அந்த அலுவலகத்தை விமானப்படைக்கான அமைச்சகத்தின் கீழ் கொண்டுபோனார்கள். ராணுவத்தோடு ஒட்டிய இடத்தில் இருக்க மாட்டேன் என்று மறுபடியும் ராஜினாமா. லண்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கடைசி வரை அவருக்கு அமையவில்லை.

ஆனால் காற்றுக் கொந்தளிப்பில் அவர் செய்த பெரிய வேலையெல்லாம் இந்தக் காலத்துடையதுதான். பனிக்கால அதிகாலையில் அடுப்புப் புகை மேலே எழாமல் தாழ்வாகப் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே கனத்த குளிர்காற்று, மேலே லேசான காற்று. சுழலை எழவிடாமல் இந்த அடுக்கு அமுக்குகிறது. உயரத்துக்கு உயரம் மாறும் காற்றின் வேகமோ சுழலைக் கிளப்பப் பார்க்கிறது. இந்த இழுபறியில் எது ஜெயிக்கும் என்பதைச் சொல்லும் விகிதம்தான் 1920-ல் அவர் தந்த எண். கால் என்ற அளவுக்குக் கீழே போனால் கொந்தளிப்பு கிளம்பலாம் என்று இப்போது கொள்கிறோம். பெரிய சுழலின் சக்தி சிறிய சுழல்களுக்கு இறங்கி, கடைசியில் பாகுத்தன்மையால் வெப்பமாகிறது என்ற சித்திரமும் அவருடையதே. 1941-ல் ரஷ்யாவின் கோல்மகோரோவ் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்.

1926-ல் வந்த கட்டுரைதான் உச்சம். காற்றில் இரண்டு துகள்கள் விலக விலக, அவற்றை இன்னும் பெரிய சுழல்கள் பிடித்துக்கொள்கின்றன. அதனால் பரவும் வீதம் இடைவெளியின் நாலில்-மூன்று அல்ல, மூன்றில்-நாலு, அதாவது 4/3 அடுக்காகக் கூடுகிறது என்று கண்டார். பலூன்கள் எங்கெங்கே போய் விழுந்தன என்பதிலிருந்து எரிமலைச் சாம்பல் வரை ஆதாரம் திரட்டினார். அதே வருஷம் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார்.

புகை எப்படிப் பரவும் என்று தெரிந்தால் விஷவாயு எப்படிப் பரவும் என்றும் தெரியும் அல்லவா? அவருடைய மேல்காற்று ஆராய்ச்சியில் மிகுந்த அக்கறை காட்டியவர்கள் விஷவாயு நிபுணர்கள் என்று தெரியவந்தபோது மனம் உடைந்துபோனார். வானிலை ஆராய்ச்சியை நிறுத்தி, வெளியிடாமல் இருந்தவற்றை அழித்தார் என்று மனைவி டோரதி பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்துவிட்டுப் போகிறார், இதனால் என்ன லாபம் என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். தன் கையால் நடக்கக்கூடாது என்று நினைக்க ஒரு மனிதருக்கு உரிமை உண்டு என்பது என் கட்சி.

ஐம்பதை நெருங்கும் வயதில், 1929-ல், மனோதத்துவத்தில் பட்டம் வாங்கினார். பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரி முதல்வராக இருந்து 1940-ல் விலகி, போர்கள் ஏன் மூளுகின்றன என்ற கணக்கில் இறங்கினார். எல்லையின் நீளத்துக்கும் சண்டைக்கும் தொடர்பு உண்டா என்று தேடப்போனவருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. ஸ்பெயின்-போர்ச்சுகல் எல்லை ஒரு புத்தகத்தில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214! அளவுகோல் சிறிதாகச் சிறிதாக நீளம் கூடிக்கொண்டே போகிறது. அவர் காலமான பிறகு வெளிவந்த இந்தக் குறிப்பிலிருந்துதான் மாண்டல்பிராட் 1967-ல் தன் புகழ்பெற்ற கடற்கரைக் கட்டுரையை எழுதினார்.

சுழல்களை அவர் முற்றிலும் மறந்துவிடவில்லை. 1948-ல் ஸ்டாமல் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து, முள்ளங்கி போன்ற பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை ஸ்காட்லாந்தின் கடல்நீரில் மிதக்கவிட்டு, அவை விலகுவதை அளந்து கட்டுரை எழுதினார். செலவில்லாத ஆராய்ச்சி!

1950-ல் அமெரிக்காவில் சார்னி குழுவினர் எனியாக் கணிப்பொறியில் முதல் வானிலைக் கணக்கைப் போட்டு, அதன் படங்களைப் பிறகு அவருக்கு அனுப்பினார்கள். எந்தப் படம் உண்மை நிலவரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று டோரதியை ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார். கணிப்பொறிப் படம் கொஞ்சம் மேல் என்று வந்தது. பாராட்டி எழுதினார். 1953 செப்டம்பர் 30 அன்று உறக்கத்திலேயே காலமானார். 1920-ல் அவர் விட்டுவந்த அதே வானிலை அலுவலகம், 1965 நவம்பரில் அன்றாட முன்னறிவிப்புக்குக் கணிப்பொறியை எடுத்துக்கொண்டது.