அரசர் மறுத்த பதக்கம்

வண்ண ஓவியம் ஒரு சுவருக்கு உரியது. அச்சோவியம் அவ்வாறன்று. செப்புத் தகட்டிலோ, கல்லிலோ, மரப்பலகையிலோ ஒருமுறை உருவாக்கியதன் மீது மை தடவித் தாளில் அழுத்தினால், ஒரே படைப்பு ஐம்பது இல்லங்களுக்கும் நூறு இல்லங்களுக்கும் செல்லும். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கண்காட்சிகளில் பெருங்கூடங்களும் பெரும்பரிசுகளும் எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கும் சிலைகளுக்குமே சென்றன. கறுப்பும் வெள்ளையுமான சிறு தாள்களுக்குப் பின்னறைகளே வாய்த்தன. அந்தச் சிறு தாள்களையே தம் வாழ்நாட் கருவியாகக் கொண்டு ஜெர்மானியக் கலையின் முன்வரிசைக்கு வந்தவர் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார். வழங்கப்பட்ட பரிசுகளும் மறுக்கப்பட்ட பரிசுகளும், திறந்த கூடங்களும் அடைக்கப்பட்ட கூடங்களுமாக அமைந்தது அவர் வாழ்க்கை.

1867 ஜூலை 8ஆம் நாள் கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் அவர் பிறந்தார். தந்தை கார்ல் ஷ்மிட் சட்டம் பயின்றவர். தம் அரசியல் கொள்கைக்கு அரசுப்பணி ஒவ்வாது என்று உணர்ந்து, கொத்து வேலை கற்றுக் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனவர். தாயின் தந்தை யூலியுஸ் ரூப், அரசுத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டுத் தனியே ஒரு சுதந்திர வழிபாட்டுச் சபையை நிறுவிய போதகர். கொண்ட கொள்கைக்காகப் பதவியை இழப்பது அக்குடும்பத்தில் புதிய செய்தியன்று.

மகளின் கைத்திறனை முதலில் கண்டு கொண்டவர் தந்தையே. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே செப்புத் தகட்டுச் செதுக்கோவியர் ஒருவரிடம் அவளைப் பயில வைத்தார். அரசுக் கலைக் கல்லூரிகளில் அன்று பெண்களுக்கு இடமில்லை. ஆகவே பெர்லினிலும் பின்னர் மியூனிக்கிலும் பெண்களுக்கென நடத்தப்பெற்ற தனிப் பள்ளிகளில் கேத்தே பயின்றார். பெர்லினில் ஆசிரியராக இருந்த கார்ல் ஷ்டௌஃபர், மாணவியின் கோடுகளைக் கண்டு, மாக்ஸ் கிளிங்கரின் அச்சோவியத் தொடர்களைப் பார்க்குமாறு வழிகாட்டினார். வண்ணத்தால் சொல்ல இயலாத வாழ்வின் இருண்ட பக்கத்தைக் கோட்டோவியமே சொல்ல வல்லது என்று கிளிங்கர் எழுதிய நூல் பின்னர் அவர் கைக்குக் கிடைத்தது. தாம் வண்ண ஓவியர் அல்லர் என்ற தெளிவு அதன் பின்னரே அவருக்குப் பிறந்தது.

1891இல் மருத்துவர் கார்ல் கோல்விட்சை அவர் மணந்தார். பெர்லினின் வடபகுதியில், தொழிலாளர் வாழும் தெருவொன்றில், தொழிலாளர் காப்பீட்டு நிதியின் மருத்துவராகக் கணவர் பணியாற்றினார். இல்லறமும் கலையும் ஒருசேர நடவா என்று தந்தை அஞ்சினார். ஹான்ஸ், பீட்டர் என இரு மைந்தர்கள் பிறந்தனர். கணவரின் மருத்துவ அறைக்கு வந்த பெண்களின் முகங்கள், அவர்களுடைய வேலையின்மை, பசி, கருவுற்ற களைப்பு ஆகிய அனைத்தும் அம்மையாரின் வரைதாளுக்கு வந்து சேர்ந்தன.

1893 பிப்ரவரியில் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் எழுதிய 'நெசவாளர்கள்' நாடகம் பெர்லினில் தனியார் அரங்கேற்றமாக நடைபெற்றது. பொதுமேடையில் அதற்குத் தடை இருந்தது. 1844இல் சைலீசிய நெசவாளர் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்ட வரலாறே அதன் கரு. அன்று அரங்கில் இருந்த அம்மையார், கையில் இருந்த வேறு வேலையை நிறுத்திவிட்டு, நெசவாளர் தொடரைத் தொடங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அதிலேயே கழிந்தன.

அரிப்போவியம் எளிதில் வசப்படும் கலையன்று. செப்புத் தகட்டின் மீது மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்க்க வேண்டும். கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளத்தில் மை ஏற்றி, ஈரத் தாளை வைத்து, அழுத்துபொறியில் உருட்டினால்தான் படம் தெரியும். ஒரு நொடி கூடினும் குறையினும் பல நாள் உழைப்பு வீணாகும். அம்மையாரின் தொடக்கத் தகடுகள் பல இவ்வாறு பிழைத்துப் போயின. ஆகவே முதல் மூன்று படங்களைக் கல்லச்சில் செய்தார். வறுமை, சாவு, கூடிச் சூழ்தல் என்பன அவை. அணிவகுப்பு, வாயில் முற்றுகை, முடிவு ஆகிய பின் மூன்றும் அரிப்போவியங்கள். ஆறும் ஒரு நூலின் பக்கத்தைவிட மிகப் பெரியன அல்ல. ஆறாம் படத்தில் நெசவாளன் வீட்டுக்குள் பிணங்கள் கொண்டுவரப்படுகின்றன. ஆளற்ற தறி ஓரத்தில் நிற்கிறது.

நிறைவுற்ற தொடரைத் தந்தையின் பிறந்தநாளில் அவர் முன் மகள் வைத்தார். முதியவர் மகிழ்ச்சி தாளாமல் மனைவியை அழைத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினார் என்பர். அது கண்காட்சியில் தொங்குவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1898 வசந்தத்தில் காலமானார். அதன் பின் தொடரைக் காட்சிக்கு அனுப்பும் விருப்பமே மகளுக்கு அற்றுப் போயிற்று. அன்னா பிளேன் என்னும் தோழியே முன்னின்று படங்களை பெர்லின் மாபெரும் கலைக் கண்காட்சிக்குச் சேர்ப்பித்தார்.

தேர்வுக்குழுவில் அடால்ஃப் மென்ட்செல் இருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். பிரஷ்ய மன்னர்களின் வரலாற்றை வரைந்து அரசவையின் பெருமதிப்பைப் பெற்றவர். கல்லச்சில் தாமே கைதேர்ந்தவர். முப்பது வயதுப் பெண்ணின் ஆறு தாள்களைக் கண்டு, சிறிய தங்கப் பதக்கத்திற்கு அவர் முன்மொழிந்தார். குழுவும் ஏற்றது. ஆயின் பதக்கம் அரசரின் பெயரால் வழங்கப்பெறுவது. கருப்பொருள் கிளர்ச்சியைத் தூண்டுவது என்றும், சித்திரிப்பில் ஆறுதல் தரும் கூறு ஏதுமில்லை என்றும், அரசு இதனை வெளிப்படையாகப் பாராட்டலாகாது என்றும் அமைச்சர் அறிவுரை கூறினார். இரண்டாம் வில்ஹெல்ம் மன்னரோ, பெண்ணுக்குப் பதக்கம் என்பதே எல்லை மீறிய செயல் எனக் கருதி மறுத்துவிட்டார்.

பதக்கம் நின்றுபோயினும் படங்கள் நிற்கவில்லை. டிரெஸ்டன் நகர அச்சோவியக் காப்பகத்தின் தலைவர் மாக்ஸ் லேர்ஸ் தம் காப்பகத்திற்கென அவற்றை வாங்கினார். அவர் பரிந்துரையின் பேரில், 1899இல் அந்நகரில் நடைபெற்ற ஜெர்மானியக் கலைக் கண்காட்சியில் அதே தொடருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பெர்லினில் மன்னர் மறுத்ததைச் சாக்சனி நாட்டு அரசு வழங்கிற்று. அன்று முதல் அம்மையார் நாட்டின் முன்னணிக் கலைஞருள் ஒருவராக எண்ணப்பட்டார். அரசாங்கக் கண்காட்சியின் போக்கை ஏற்காதார் கூடி 1898இல் 'செசெஷன்' என்னும் மாற்று அமைப்பை பெர்லினில் நிறுவினர். 1901 முதல் அவ்வமைப்பு, வரைவோவியத்திற்கும் அச்சோவியத்திற்கும் மட்டுமே உரிய கறுப்பு வெள்ளைக் கண்காட்சிகளைக் குளிர்காலந்தோறும் நடத்தத் தொடங்கியது. பின்னறைக் கலை தன் கூடத்தை அவ்வாறு பெற்றது. அதில் தொடர்ந்து இடம்பெற்றவர் அம்மையார்.

அடுத்த பெருந்தொடர் 'உழவர் போர்'. 1525இல் ஜெர்மானிய உழவர் எழுந்து வீழ்ந்த வரலாறு அது. வரலாற்றுக் கலைக்கான சங்கமொன்று அதனைச் செய்யப் பணித்தது. 1908இல் முடிவுற்ற ஏழு படங்களும் சங்க உறுப்பினர்க்கு வழங்கப்பெற்றன. அச்சோவியனுக்கு விருதைவிட மேலான வாய்ப்பு இத்தகைய பணிப்பே. உழைக்கப் பொருளும் பெற்றுக்கொள்ள வீடுகளும் ஒருங்கே அமைகின்றன. இடையே 1907இல் 'வில்லா ரோமானா' பரிசு வந்தது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் தங்கிப் பணி செய்ய வழிசெய்யும் அப்பரிசை நிறுவியவர், இளமையில் அவருக்கு வழிகாட்டிய அதே கிளிங்கர். ஆங்கு அம்மையார் படைப்பு எதுவும் செய்யவில்லை, கூடங்களைப் பார்த்தார், தோழி ஒருவருடன் ரோம் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்.

அரண்மனையின் பகை மட்டும் ஓயவில்லை. 1906இல் வீட்டிலிருந்து கூலித்தொழில் செய்வோர் பற்றிய கண்காட்சிக்கு அவர் வரைந்த சுவரொட்டியில், களைத்துச் சோர்ந்த தொழிலாளப் பெண்ணின் முகம் இருந்தது. அச்சுவரொட்டியை அகற்றினாலன்றிக் கண்காட்சிக்கு வர இயலாது என்று பேரரசி அறிவித்தார்.

செசெஷன் அமைப்பின் தேர்வுக் குழுவிலும் அம்மையார் அமர நேர்ந்தது. பெண் கலைஞர்களுக்காகப் பேச வேண்டிய பொறுப்பு இயல்பாகவே அவர் மேல் விழுந்தது. வந்த படைப்புகள் பலவும் நடுத்தரமானவையாக இருந்தமையால், முழு நம்பிக்கையோடு வாதாட இயலாமல் இருமனப்பட்டதை அவர் நாட்குறிப்பில் ஒளிவின்றிப் பதிவு செய்திருக்கிறார். பெண் என்பதால் பதக்கம் மறுக்கப்பட்டவர் அவர். பெண் என்பதற்காகவே பதக்கம் தரவும் அவர் மனம் இடந்தரவில்லை.

1914இல் உலகப் போர் மூண்டது. இளைய மகன் பீட்டர் பதினெட்டு வயதில் தானே படையில் சேர விரும்பினான். தந்தை மறுத்தார், தாயே பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தார். அக்டோபரில் பெல்ஜிய மண்ணில் அவன் மாண்டான். அந்த இசைவின் சுமை அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. மகனின் நினைவுக்கெனத் தொடங்கிய துயருறும் பெற்றோரின் சிலைகள், பலமுறை கைவிடப்பட்டு, மீண்டும் தொடங்கப்பட்டு, 1932இல்தான் அவன் கல்லறை அருகே நிறுவப்பட்டன.

முடியாட்சி வீழ்ந்த பின், 1919இல் பிரஷ்யக் கலைக்கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்து பேராசிரியர் பட்டமும் அளித்தது. அவ்வாறு தேர்வு பெற்ற முதற்பெண் அவர். பழமை தோய்ந்த அமைப்பு அது என்பதால், பெருமையோடு சிறிது கூச்சமும் அவருக்கு உண்டாயிற்று. 1920இல் ஒரு கண்காட்சியில் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைக் கண்டபோது அவர் அதிர்ந்து நின்றார். தாம் அரிப்பிலும் கல்லச்சிலும் தேடியும் கிட்டாத எளிமை அங்கே இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், பெயர் பெற்ற பின்னர், புதிய கருவியைக் கையிலெடுத்துக் கற்கத் தொடங்கினார். 1923இல் வெளிவந்த 'போர்' தொடரின் ஏழு மரச்செதுக்குகள் அதன் பயன். அவற்றுள் போர்க்களமே இல்லை. பலி கொடுக்கும் தாய், தாமே முன்வந்த இளைஞர், பெற்றோர், விதவையர் ஆகியோரே உள்ளனர். போர் இனி ஒருபோதும் வேண்டா என்று கையுயர்த்தும் 1924ஆம் ஆண்டுச் சுவரொட்டியும் அக்காலத்தது. 1928இல் கலைக்கழகத்தின் அச்சோவிய உயர்வகுப்பு அவர் பொறுப்பில் வந்தது.

1933 பிப்ரவரியில், இட்லரின் கட்சியை எதிர்க்க இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்ற வேண்டுகோளில் அம்மையார் கையொப்பமிட்டார். கலைக்கழகத்தையே மூடிவிடும் அச்சுறுத்தல் எழுந்தது. அவரும் எழுத்தாளர் ஹைன்ரிஹ் மன்னும் உறுப்பினர் பதவியினின்றும் வெளியேற நேர்ந்தது. வகுப்பும் பணிக்கூடமும் பறிபோயின. 1936இல் கலைக்கழகக் கண்காட்சியிலிருந்து அவர் படைப்புகள் அகற்றப்பட்டன. தடையாணை என்று எதுவும் வெளியிடப்படவில்லை. ஆனால் அவர் படைப்பை எடுத்து மாட்டத் துணியும் கூடங்கள் அருகிப் போயின.

அதே 1936இல், சீன நாட்டு ஷாங்காய் நகரில், எழுத்தாளர் லூ சுன் அம்மையாரின் அச்சோவியங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். தம் இளைய நண்பரான எழுத்தாளர் ரூ ஷி 1931இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் நினைவாக இதழொன்றில் லூ சுன் வெளியிட்டது, 'போர்' தொடரின் பலி கொடுக்கும் தாயைத்தான். வெளிப்படையாக இரங்கல் எழுத இயலாத காலத்தில், அயல்நாட்டுத் தாயொருத்தியின் படம் அஞ்சலியாயிற்று. சீன மரச்செதுக்கு இளைஞர்கள் அப்படங்களைப் பார்த்துப் பயின்றனர். பெர்லினின் கூடத்திலிருந்து ஓர் அச்சுப்படியை அகற்றலாம். ஷாங்காயில் இருக்கும் அதன் உடன்பிறப்பை அகற்றுவது எங்ஙனம்?

1940இல் கணவர் மறைந்தார். 1942இல் சிற்றப்பனின் பெயரைத் தாங்கிய பேரன் பீட்டர் ரஷ்யக் களத்தில் மாண்டான். விதைநெல்லை அரைத்து உண்ணலாகாது என்னும் பொருளுடைய தலைப்பில், மூன்று சிறுவரைத் தன் மேலாடைக்குள் அணைத்து மறைக்கும் தாயின் படமே அவருடைய இறுதிக் கல்லச்சு. அதைக் காட்டக் கூடமும் இல்லை. மதிப்பிடத் தேர்வுக்குழுவும் இல்லை. இருந்தும் அவர் வரைந்தார். 1943 நவம்பரில் குண்டுவீச்சில் பெர்லின் வீடு அழிந்தது. அவர் படைப்புகள் பலவும் அதனுடன் போயின.

இறுதி மாதங்களில் சாக்சனி அரசகுடியினர் ஒருவரின் அழைப்பை ஏற்று மோரிட்ஸ்பர்க் சிற்றூரில் அவர் தங்கினார். 1945 ஏப்ரல் 22ஆம் நாள், போர் முடிய இரண்டு வாரங்களே இருந்த நிலையில், அங்கேயே உயிர் நீத்தார்.

1947இல் அவர் வாழ்ந்த தெரு அவர் பெயரைப் பெற்றது. 1960இல் கிழக்கு பெர்லின் கலைக்கழகம் அவர் பெயரால் ஒரு பரிசை நிறுவியது. கொலோன், பெர்லின் நகரங்களில் அவருக்கென அருங்காட்சியகங்கள் எழுந்தன. மோரிட்ஸ்பர்க்கிலிருந்து டிரெஸ்டன் தொலைவில் இல்லை. பதக்கம் மறுக்கப்பட்ட காலத்தில் லேர்ஸ் வாங்கத் தொடங்கிய அச்சோவியங்கள் அந்நகரக் காப்பகத்தில் இன்றும் பெருந்தொகுதியாக உள்ளன. மன்னர் மறுத்த அந்தச் சிறிய தங்கப் பதக்கத்தைப் பற்றி இன்று எவரும் பேசுவது, அது அம்மையாருக்குக் கிடைக்காமற் போயிற்று என்ற காரணத்தால்தான்.