தட்டிப் பார்ப்போம் கோப்புகளை!

விருத்தாசலத்தில் பீங்கான் வாங்கப் போகிறவர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் கலம் நல்லது. மந்தமாக ஒலித்தால், மேலே மினுக்கிருந்தாலும் உள்ளே கீறல் இருக்கிறது என்று பொருள். சூளைத் தோழர்களுக்கு இது அரிச்சுவடி. அந்த ஊர்த் தோழர்களோடு அண்மையில் பேசிக்கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் கேட்டார்: மலேயா கணபதி தொழிலாளர் தலைவரா, கொள்ளைக்காரரா? வெள்ளையர் ஏடுகள் கொள்ளைக்காரர் என்கின்றனவாமே? சுண்டிப் பார்த்தீரா தம்பி, என்று நாம் திருப்பிக் கேட்டோம்.

யார் இந்தக் கணபதி? தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே கடல் கடந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். போர் முடிந்ததும் வீடு பார்த்துப் போகவில்லை. ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். பால் வடிக்கும் தமிழனையும் ஈயச் சுரங்கத்துச் சீனனையும் ஓரணியில் நிறுத்திய அகில மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1947இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அதன் குடைக்கீழ் இருந்தனர். தோட்ட முதலாளிகளின் தூக்கம் கெட இது போதாதா?

இனி ஆவணத்துக்கு வருவோம். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் விளைவே அவசர நிலை, அதன் விளைவே அடக்குமுறை என்று அரசின் கதை நடக்கிறது. கதையை விடுங்கள், தேதியைப் பாருங்கள். தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்திச் சம்மேளனத்தின் கழுத்தை நெரித்தது அதற்குச் சில நாட்கள் முன்பே! கொலை நடந்ததால் சங்கம் போயிற்று என்பவர்கள், சங்கம் போன பின்பே கொலை நடந்தது என்பதற்கு என்ன பதில் சொல்வார்கள்? சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியிருந்தது என்பதை நாமும் மறைக்கவில்லை. அதையும் அதே ஏடுகள்தாம் சொல்கின்றன. அந்த இடத்தில் கலம் கணீரென்றே ஒலிக்கிறது.

சொற்களையும் சுண்ட வேண்டும். தொடக்க ஆண்டுகளின் கோப்புகளில் கொரில்லா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கொள்ளைக்காரன் என்றே எழுதினார்கள். 1952இல் அரசே ஆணையிட்டு அந்தச் சொல்லை மாற்றிக் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி என்றாக்கியது. ஆள் மாறவில்லை, காடு மாறவில்லை, கையிலிருந்த துப்பாக்கியும் மாறவில்லை. எழுதுகோல் மட்டும் மாறிற்று. ஆக, கொள்ளைக்காரன் என்ற சொல் கணபதி யார் என்பதைச் சொல்லவில்லை. எழுதியவர் யார் என்பதைச் சொல்கிறது. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 பேரைப் படையினர் சுட்டுக் கொன்றதும் அப்படித்தான் எழுதப்பட்டது. தப்பியோட முயன்றார்கள் என்றது அறிக்கை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துச் சுட்ட படையினரில் சிலரே அது பொய்யென்று வாக்குமூலம் கொடுத்தனர்.

கோப்பு முழுவதும் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1957இல் மலேயா விடுதலை பெறும் வேளையில், கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகள் நிறையக் காகிதங்களைச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய் உலையில் போட்டார்கள். எரிக்காதவற்றில் ஒரு பகுதி இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பதுங்கிக் கிடந்தது. கென்யாவின் மாவ் மாவ் போராட்டத்தில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் தொடுத்த வழக்கில்தான், 2011இல், 37 குடியேற்ற நாடுகளைச் சேர்ந்த சுமார் 8,800 கோப்புகள் அங்கிருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கக் கிழவர்கள் கதவைத் தட்டினார்கள். மலேயாக் கோப்புகளும் சேர்ந்து வெளியே வந்தன.

கணபதியின் கடைசி நாட்களுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு குண்டுகளுமாகப் பிடிபட்டார். சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை, வைத்திருந்ததே குற்றம். அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. இந்திய அரசு கருணை காட்டும்படி கேட்டுக்கொண்டது. மே 3ஆம் நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 4ஆம் நாள் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள்.

இளைஞர் விடவில்லை. எல்லோரையும் அப்படித்தான் தூக்கிலிட்டார்களா என்றார். இல்லை. ஜோகூரில் அதே வகைக் குற்றச்சாட்டில் பிடிபட்ட சாம்பசிவம் என்ற தமிழரும் தூக்குத் தண்டனை பெற்றவர்தாம். அவர் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1950இல் தண்டனை நீக்கப்பட்டது. சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அந்தத் தீர்ப்பை இன்றும் வாசிக்கலாம். அவருக்கு வழக்கை நடத்திப் பார்க்கக் காலம் கிடைத்தது. கணபதிக்குக் கிடைத்தது, பிடிபட்ட நாளிலிருந்து கயிறு வரை, 64 நாட்கள்.