தனிநாடு அறிவித்த திவானும் பிரிவினைத் தடைச் சட்டமும்

புது தில்லி: மக்களவைத் தேர்தலிலோ சட்டப்பேரவைத் தேர்தலிலோ போட்டியிட விரும்பும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழியை வாசித்துக் கையொப்பமிட வேண்டும். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்பது அதன் சாரம். கையொப்பமிடத் தவறினால் வேட்பாளராகும் தகுதியே இல்லை. 1963-ஆம் ஆண்டின் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த நிபந்தனை இது. திராவிட நாடு கோரிக்கையை மனதில் வைத்தே அத்திருத்தம் நிறைவேற்றப்பட்டது என்பது தமிழக அரசியலைக் கவனிப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. ஆனால், அதைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் யார் என்பது இன்று பலருக்கும் நினைவில் இல்லை.

அவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1947-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் இந்தியாவில் சேராது, தனி நாடாகவே இருக்கும் என்று உலகுக்கு அறிவித்த திவான் அவர்தான். செல்வம் மிகுந்த ஒரு மாநிலம் தில்லியை எதிர்த்து நிற்க முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஹைதராபாதின் பெயரே முதலில் சொல்லப்படுகிறது. நிஜாமுக்கும் முன்பாக அந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பி, பதிலையும் முதலில் பெற்றவர் சி.பி.

1879 நவம்பர் 12-இல் வந்தவாசியில் பிறந்தவர். தந்தை பட்டாபிராம ஐயர் சட்டத் துறையில் இருந்தவர். மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1903-இல் சென்னையில் வழக்கறிஞரானார். வெகு விரைவிலேயே முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தன் பொறுப்பில் மீட்டுத் தர வேண்டும் என்று அவருடைய தந்தை நாராயணய்யா, அன்னி பெசன்ட் அம்மையார் மீது தொடுத்த வழக்கில் தந்தைக்காக வாதாடியவர் சி.பி. உயர் நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். லண்டன் பிரிவி கவுன்சில் 1914-இல் அத்தீர்ப்பைப் புரட்டியது. அடுத்த இரண்டாண்டுகளில் அதே பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் அவருக்கு நெருக்கமான துணைவரானார். காங்கிரஸின் பொதுச் செயலாளர்களில் ஒருவராகவும் இருந்தார். எதிர்த்தரப்பில் நின்ற பிறகு அங்கேயே முக்கிய இடம் பெறுவது அவர் வாழ்க்கையில் பிற்பாடும் நிகழ்ந்தது.

காந்தியடிகளின் ஒத்துழையாமை அவருக்கு உடன்பாடாக இல்லை. காங்கிரஸ் ஒரு பாதையில் சென்றது, சி.பி. அரசுப் பதவிகளின் பாதையில் சென்றார். 1920-இல் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர். காவிரி நீர் குறித்து சென்னையும் மைசூரும் செய்துகொண்ட 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தமும், மேட்டூர் அணைத் திட்டமும் அவர் அப்பதவியில் இருந்த காலத்தவை.

திருவிதாங்கூருடனான தொடர்பு 1931-இல் தொடங்கியது. இளம் மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு அரசியல் சட்ட ஆலோசகராக இருந்த அவர், 1936 அக்டோபரில் திவானாகப் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே, நவம்பர் 12-இல், ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. அரசின் வசமிருந்த கோயில்களின் கதவுகள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் திறந்தன. இந்தியாவிலேயே முன்னோடியான அந்த நடவடிக்கையைப் பாராட்ட காந்தியடிகளே 1937 ஜனவரியில் திருவிதாங்கூர் சென்றார்.

பதினோரு ஆண்டுகளில் சி.பி. உருவாக்கியவை கொஞ்சமல்ல. 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், 1938-இல் அரசுப் போக்குவரத்து, 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம். அந்த மின்சாரத்தை நம்பி ஆலுவாய் பகுதியில் அலுமினியத் தொழிற்சாலையும் உரத் தொழிற்சாலையும் வந்தன. 1944-இல் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. மறுபக்கம் வேறு விதமானது. 1938-இல் தோன்றிய திருவிதாங்கூர் மாநில காங்கிரஸ், மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி கேட்டது. கிடைத்தது தடையுத்தரவும் தடியடியும் துப்பாக்கிச் சூடும். அதே ஆண்டில் மலையாள மனோரமா நாளிதழ் பூட்டி முத்திரையிடப்பட்டது, சி.பி. ஊரை விட்டுப் போகும் வரை அது மீண்டும் வெளிவர முடியவில்லை. திறமையான நிர்வாகி, ஆனால் மறுத்துப் பேசுபவரைப் பொறுக்காதவர். வெளியூரிலிருந்து வந்து ஆள்பவர் என்ற முணுமுணுப்பும் அங்கு ஓயவில்லை.

எதைக் கொண்டு தனிநாடு?

1946-47-இல் சி.பி.யின் கணக்கு என்னவாக இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். அது வெறும் ஆணவக் கணக்கு அல்ல.

60 லட்சம் மக்கள். எழுத்தறிவில் நாட்டின் முன்வரிசை. தேயிலை, ரப்பர், மிளகு, ஏலம், கயிறு, கொப்பரை என வெளிநாட்டுச் சந்தையில் விலைபோகும் விளைபொருள்கள். நீண்ட கடற்கரை, சொந்தத் துறைமுகங்கள், சொந்த மின்சாரம். இவற்றுக்கெல்லாம் மேலாகக் கடற்கரை மணல். கயிற்றுடன் ஐரோப்பாவுக்குப் போன மணலில் மோனசைட் கலந்திருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில்தான் அதைப் பிரித்தெடுக்கும் தொழில் தொடங்கியது. மோனசைட்டில் தோரியம் உண்டு. விளக்குத் திரிக்குப் பயன்பட்ட அந்தத் தாது, ஹிரோஷிமாவுக்குப் பிறகு வல்லரசுகள் தேடும் பொருளாகிவிட்டது. அதன் ஏற்றுமதி குறித்து சி.பி. பிரிட்டனுடன் நேரடியாகப் பேசினார். தில்லியில் நேருவுக்கு இது கடும் எரிச்சலை ஊட்டியது.

சட்ட வாதமும் பலவீனமானதல்ல. மன்னர்கள் மீது பிரிட்டிஷ் முடிக்கு இருந்த மேலாதிக்கம் விடுதலையோடு முடிவுக்கு வரும். அது புதிய அரசுகளுக்குக் கைமாறாது. 1946-இல் அமைச்சரவைத் தூதுக்குழு சொன்னதும், 1947-இன் இந்திய விடுதலைச் சட்டம் எழுதியதும் அதுவே. அப்படியானால் ஆகஸ்ட் 15-இல் திருவிதாங்கூர் யாருக்கும் கட்டுப்படாத நாடு என்றார் சி.பி. வாசகத்தை மட்டும் படித்தால் மறுப்பது கடினம். மன்னர் பத்மநாபதாசர், நாடு ஸ்ரீபத்மநாபருக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்ற 18-ஆம் நூற்றாண்டு மரபும் துணைக்கு அழைக்கப்பட்டது.

ஆனால் செல்வக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திருவிதாங்கூர் தன் சோற்றுக்குப் போதுமான நெல்லை விளைவிக்கவில்லை. பணப்பயிர் விற்று அரிசி வாங்கும் நாடு அது. 1942-இல் ஜப்பானியரிடம் பர்மா வீழ்ந்து அரிசிக் கப்பல்கள் நின்றபோது ஆலப்புழை, சேர்த்தலை வட்டாரங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வெளியுலகுடன் இணைத்த ரயில் பாதை செங்கோட்டை வழியாக சென்னை மாகாணத்துக்குள் சென்றது. பாகிஸ்தானுடன் வணிக உறவுக்கு சி.பி. முயன்றார், அங்கே ஒரு பிரதிநிதியையும் நியமித்தார். அந்த அறிவிப்பு அரிசியைக் கொண்டுவருவதற்கு முன் நாடெங்கும் கோபத்தைக் கொண்டுவந்தது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. தனிநாட்டுக்குத் தேவையான மக்கள் அவர் பக்கம் இல்லை. 1946 ஜனவரியில் அவர் அறிவித்த அரசியல் சீர்திருத்தம் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்தது; ஆனால் திவானை அகற்றும் அதிகாரத்தை சட்டமன்றத்துக்குத் தரவில்லை. அமெரிக்க முறை என்று அவர் அழைத்ததை அரபிக் கடலில் எறிவோம் என்று கம்யூனிஸ்டுகள் முழங்கினர். அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர்களும் மீனவர்களும் விவசாயக் கூலிகளும் ஈட்டிகளோடு திரண்டனர். ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, சமஸ்தானப் படையின் பொறுப்பை சி.பி.யே ஏற்றார். துப்பாக்கிகளுக்கு முன் வாரிக்கம்புகள் நிற்கவில்லை. இறந்தோர் எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சையில் உள்ளது; நூற்றுக்கணக்கில் என்பதில் ஐயமில்லை.

மாநில காங்கிரஸுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே பகை உண்டு. தெற்கே நாஞ்சில் நாட்டுத் தமிழர்கள் தனிக் கோரிக்கையுடன் அமைப்பாகத் திரண்டுகொண்டிருந்தனர். இவர்களில் ஒரு தரப்புக்கேனும் ஆட்சியில் பங்கு தந்திருந்தால் 1947-இல் அவரது குரலுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்திருக்கும். பங்கு தர அவருக்கு மனமில்லை. அதனால் தனிநாடு என்பது மக்களின் காதில் திவானின் ஆட்சி நீடிப்பு என்றே ஒலித்தது. இந்தச் செய்தியாளரின் கணிப்பில், அரிசிப் பற்றாக்குறையைவிட அவரை வீழ்த்தியது இதுவே.

நாற்பத்தைந்து நாள்கள்

பிரிவினைத் திட்டம் 1947 ஜூன் 3-இல் வெளியானது. ஜூன் 11-இல் சி.பி. தனிநாடு அறிவிப்பை வெளியிட்டார். மறுநாள் ஹைதராபாதும் அதே வழியில் பேசியது. ஜூன் நடுவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, எந்த சமஸ்தானத்துக்கும் சுதந்திரம் அறிவிக்கும் உரிமை இல்லை என்று தீர்மானித்தது. திருவிதாங்கூரில் கூட்டங்களும் தடையுத்தரவுகளும் மாறிமாறி வந்தன.

ஜூலை மூன்றாம் வாரத்தில் சி.பி. தில்லி வந்தார். வி.பி. மேனனும் மவுண்ட்பேட்டனும் அவரிடம் பேசினர். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் ஒப்படைத்தால் போதும் என்பது தில்லியின் யோசனை. மகாராஜாவிடம் கலந்து சொல்வதாகக் கூறி ஊர் திரும்பினார்.

ஜூலை 25-இல் தில்லியில் மன்னர்களை ஒன்றுகூட்டி இணைப்புக்குக் கையொப்பமிடுமாறு மவுண்ட்பேட்டன் வலியுறுத்தினார். அன்று மாலையே திருவனந்தபுரம் இசைக் கல்லூரி விழாவிலிருந்து வெளியேறிய சி.பி. மீது வெட்டுக்கத்தி பாய்ந்தது. வெட்டியவர் கே.சி.எஸ். மணி, கேரள சோஷலிஸ்ட் கட்சியின் இளைஞர். முகத்தில் பலத்த காயம். கழுத்தைச் சுற்றியிருந்த அங்கவஸ்திரம் உயிரைக் காத்தது என்பர். படுக்கையில் இருந்தபடியே, இணைந்துவிடுமாறு மகாராஜாவுக்கு அவர் ஆலோசனை கூறினார். ஜூலை 30-இல் மகாராஜாவின் சம்மதம் தந்தியில் தில்லிக்குப் போனது. முதலில் முரண்டு பிடித்த சமஸ்தானமே பணிந்த பிறகு, அடுத்த இரு வாரங்களில் பெரும்பாலான மன்னர்கள் கையொப்பமிட்டுவிட்டனர். ஆகஸ்ட் 19-இல் சி.பி. பதவியை விட்டு வெளியேறினார்.

மீண்டும் தில்லி

அத்தோடு அவரது பொதுவாழ்வு முடிந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். நேருவின் இந்தியா அவரை ஒதுக்கவில்லை. 1952-இல் அமைந்த முதல் பத்திரிகைக் கமிஷனில் உறுப்பினரானார். ஒரு நாளிதழுக்குப் பூட்டுப் போட்ட ஆட்சியின் தலைவராக இருந்தவர் என்பதை அப்போது யாரேனும் நினைத்தார்களா என்பது வேறு விஷயம். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். இந்து அறநிலையங்களை ஆராயும் கமிஷனுக்குத் தலைமை வகித்தார்.

1962 ஜூனில் கூடிய தேசிய ஒருமைப்பாட்டுக் கவுன்சில், பிராந்தியவாதம் குறித்து ஆராய ஒரு குழுவை அவர் தலைமையில் அமைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், மே 1-இல், மாநிலங்களவையில் தம் முதல் உரையிலேயே அண்ணா திராவிட நாட்டுக்குத் தன்னாட்சி உரிமை கேட்டிருந்தார். நாட்டின் ஒருமைப்பாட்டையும் இறையாண்மையையும் காக்கும் பொருட்டுப் பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்க 19-வது பிரிவைத் திருத்தலாம், வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று சி.பி. குழு பரிந்துரைத்தது. அக்டோபரில் சீனப் போர் மூண்டது. அண்ணா கோரிக்கையைத் தள்ளிவைத்து அரசுக்கு ஆதரவு தெரிவித்தார். ஆனாலும் 1963 ஜனவரியில் மசோதா வந்தது. அண்ணா மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசினார். மே மாதம் இரு அவைகளும் நிறைவேற்றின. அக்டோபர் 5-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. சி.பி.யின் மகன் சி.ஆர். பட்டாபிராமன் அந்த மக்களவையில் கும்பகோணம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தனிநாடு கோரியவரே இதைப் பரிந்துரைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அவர் தரப்பில் ஒரு விடை உண்டு: அன்று குடியரசும் இல்லை, அரசியல் சட்டமும் இல்லை, மேலாதிக்கம் நீங்கிய மன்னருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. வழக்கறிஞருக்கு அது போதுமான வேறுபாடு. ஆனால் 1947-இல் அறிவிப்பு வெளியிட அவர் எந்த வாக்காளரிடமும் போகவில்லை, 1962-இல் தி.மு.க. சென்னை சட்டப்பேரவைக்கு 50 உறுப்பினர்களை வாக்குப் பெற்று அனுப்பியிருந்தது. தடை விழுந்தது இரண்டாவது தரப்பின் மீது.

1963-இல் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு, மாநில உரிமை என்ற தளத்துக்கு நகர்ந்தது. சி.பி. 1966 செப்டம்பர் 26-இல் லண்டனில் காலமானார், வயது 86. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த பொதுத் தேர்தலில், அவரது குழு பரிந்துரைத்த உறுதிமொழியில் கையொப்பமிட்டே தி.மு.க. வேட்பாளர்கள் அனைவரும் களமிறங்கினர். மார்ச் 6-இல் அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றார்.